பந்தியை மறிக்கலாமா?

கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலையை அறியாதவர் இந்தக் கிழக்குக் கரையில் இல்லை. அந்தப் பெயருக்குரிய மெதடிஸ்த முன்னோடி ஜோன் உவெஸ்லி இளம் வயதில் எவ்வளவு கண்டிப்பாகச் சட்டம் பார்ப்பவராக இருந்தார் என்பதை எங்கள் சபைகளில் யாரும் பேசுவதில்லை. பேசவேண்டும்.

ஒக்ஸ்போர்டில் அவரும் தோழர்களும் நேரம் குறித்துச் செபித்தார்கள், உபவாசித்தார்கள், சிறைக்கைதிகளைப் போய்ப் பார்த்தார்கள். 1736இல் ஊழியத்துக்காக அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்குப் போய்ச்சேர்ந்தார். அங்கே சோபியா என்ற இளம்பெண்மேல் அவருக்கு விருப்பம் இருந்தது. அவளோ வேறொருவரை மணந்துகொண்டாள். 1737 ஆகஸ்டில் ஒருநாள் அவள் நற்கருணைக்கு வந்தபோது உவெஸ்லி கொடுக்க மறுத்தார். முன்கூட்டியே அறிவிக்கவில்லை, குற்றத்துக்கு மனம் வருந்தவில்லை என்பவை அவர் சொன்ன காரணங்கள். சபையின் ஒழுங்குப்படி பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயத்துக்குள் ஒரு மனிதனின் மனக்காயமும் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். இதனால் அவர்மேல் வழக்கு வந்தது. டிசம்பரில் அவர் ஊரைவிட்டே புறப்பட்டார்.

1738 மே 24ஆம் திகதி மாலை, இலண்டன் ஆல்டர்ஸ்கேட் வீதியில் ஒரு சிறு கூட்டம். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். தன் பக்தி முயற்சிகள் அல்ல, கிறிஸ்து ஒருவரே தன்னை மீட்கிறார் என்ற நம்பிக்கை உவெஸ்லிக்குள் அன்றைக்குத்தான் இறங்கியது. விசுவாசம் இன்னும் உறுதிப்படாதவருக்கும் நற்கருணைப் பந்தியிலேயே கிருபை கிடைக்கலாம் என்று பின்னாளில் அவர் போதித்தார். சோபியாவை மறித்தவரா இப்படிச் சொன்னார் என்று வியப்பாக இருக்கிறது.

1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குக் கொண்டுவந்த நற்செய்தி இந்தக் கிருபையைப் பற்றியதுதான்.

ஆனால் இன்று எங்கள் நிலை வேறு. அக்கரைப்பற்றில் கிறிஸ்தவர்கள் சிறு தொகையினர். சுற்றிலும் ஐவேளைத் தொழுகையும் நோன்பும் தவறாத முஸ்லிம்கள். ஆலையடிவேம்புப் பக்கம் விரதமும் தீமிதிப்பும் காக்கும் இந்துக்கள். இவர்கள் நடுவே "எங்களுடைய அடையாளம் எது?" என்ற கேள்வி எங்களுக்கு எழுவது இயல்பு. அதற்கு எல்லார் கண்ணுக்கும் தெரியும்படியான பதிலைத் தேடும்போதுதான் சட்டங்கள் பெருகுகின்றன. நகை போடாதே, பூ வைக்காதே, படம் பார்க்காதே, தசமபாகம் நிலுவை வைக்காதே. சிறுபான்மையின் பயத்திலிருந்து வரும் வேலி இது. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வேலியின் முள் முதலில் குத்துவது ஏழைப் பெண்களைத்தான். போரில் கணவனை இழந்து, பதிவில்லாமல் இன்னொருவரோடு வாழ்பவள். வளைகுடாவில் வீட்டுவேலை செய்துவிட்டு வருடக்கணக்கில் ஆராதனைக்கு வராமல் திரும்பியவள். இவர்களை நற்கருணையிலிருந்து தள்ளி நிறுத்துவது சுலபம். சபைக்குப் பெரிய தொகை கொடுக்கும் கனவானிடம் அதே கண்டிப்பு ஏன் தளர்ந்துபோகிறது?

அந்தியோகியாவில் பேதுருவும் இப்படித்தான் இடறினார். புறஜாதியாரோடு ஒன்றாயிருந்து சாப்பிட்டவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகினார். பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாகவே கண்டித்தார். கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இது இருக்கிறது. அங்கும் பிரச்சினை பந்தியில்தான் வெடித்தது.

ஒழுங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1743இல் உவெஸ்லி தன் சங்கங்களுக்கு விதிகள் எழுதினார். குடி, கொள்ளை வட்டி, ஏமாற்று வியாபாரம் எல்லாவற்றையும் கண்டித்தார். விதிகளை மீறிக்கொண்டே இருந்தவர்களை விலக்கவும் செய்தார். ஆனால் சேர வந்தவரிடம் அவர் கேட்டது ஒன்றே: வரும் கோபாக்கினைக்குத் தப்பி, பாவத்திலிருந்து மீட்கப்பட விரும்புகிறாயா? வாழ்க்கையைச் சீர்செய்துகொண்டு வா என்று வாசலிலேயே அவர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

போதகர்களையும் மூப்பர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த நற்கருணை ஆராதனைக்கு முன் உங்கள் சபையில் மறிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்குப் போங்கள். கண்டிக்கப் போகவேண்டாம். என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.