வேதமும் நாதமும் – 7: உறவினர் கைவிட்ட பின் ஒரு மீட்பர்

1742 ஏப்ரல் 13, டப்ளின். ஃபிஷாம்பிள் தெரு இசை மண்டபத்துக்கு வரும் பெண்கள் வளையம் வைத்த அகலப் பாவாடை உடுத்த வேண்டாம், ஆண்கள் வாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று முன்கூட்டியே பத்திரிகையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூடுதலாகச் சிலருக்கு இடம் கிடைத்தால் வசூலும் கூடுமே! ஏறக்குறைய 700 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, இசையமைப்பாளர் ஹேண்டலின் ‘மெசியா’வை முதல் தடவையாகக் கேட்டார்கள்.

வசூலான சுமார் 400 பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டு மருத்துவமனைகளுக்குப் போனது. மூன்றாவது பங்கு, கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்கு. அந்தப் பணத்தில் 142 பேர் வெளியே வந்தார்கள்.

அந்தக் காலத்துக் கடன் சிறை விசித்திரமானது. வாங்கிய கடனைத் திருப்பித் தராதவனைக் கடன் கொடுத்தவர் உள்ளே தள்ளிவிடலாம். உள்ளே இருப்பவன் சம்பாதிக்க முடியாது. சம்பாதிக்காமல் கடன் தீராது. போதாக்குறைக்குச் சிறைக் கட்டணமும் அவன் தலையில்தான் ஏறும். தானாக வெளியே வர அவனுக்கு வழியே கிடையாது. வெளியில் இருக்கும் யாராவது பணம் கட்டித்தான் மீட்க வேண்டும்.

அன்று அந்த மண்டபத்தில் ஒலித்த பாடல்களில் ஒன்றை இந்தப் பின்னணியில் கேட்டுப் பார்க்க வேண்டும். ‘மெசியா’வின் மூன்றாம் பாகம் ஒரு பெண் குரலில் தொடங்குகிறது. இரண்டாம் பாகத்தை முடித்துவைத்த அல்லேலூயாவின் எக்காளமும் முரசும் ஓய்ந்துவிட்டன. வயலின்கள் அவசரமில்லாமல் துணை வர, தன்னை மீட்பவர் உயிரோடிருக்கிறார் என்பதைத் தான் அறிவேன் என்கிறது அந்தக் குரல். குரலில் வாதாடும் தொனி இல்லை. தெரிந்ததைச் சொல்லும் நிதானம்தான் இருக்கிறது.

இந்த வார்த்தைகளின் சொந்தக்காரர் யோபு. மாடு, ஆடு, ஒட்டகம், பத்துப் பிள்ளைகள் எல்லாம் போய், உடம்பெங்கும் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்திருப்பவர். 19-ஆம் அதிகாரத்தில் அவர் தன்னைக் கைவிட்டவர்களை ஒவ்வொருவராக எண்ணிக் காட்டுகிறார்: சகோதரர்கள் விலகிவிட்டார்கள், உறவினர்கள் மறந்துவிட்டார்கள், வேலைக்காரன் கூப்பிட்டால் வருவதில்லை, மனைவிக்கே தன் மூச்சு அருவருப்பாக இருக்கிறது. இத்தனையையும் சொல்லிவிட்டு, சற்றுத் தள்ளி, மீட்பரைப் பற்றிய அந்த வாக்கியத்தைச் சொல்கிறார்.

இதன் கனம் விளங்க, இஸ்ரவேலின் பழைய சட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஒருவன் வறுமையில் நிலத்தை விற்றுவிட்டால், நெருங்கிய உறவினன் அதை விலைகொடுத்து மீட்கலாம். கடைசியில் தன்னையே அந்நியனுக்கு அடிமையாக விற்றுவிட்டாலும், பணம் கட்டி விடுவிக்கும் உரிமை இரத்த உறவுக்கு உண்டு என்கிறது லேவியராகமம் 25. ரூத்தின் கதையில் இதை நேரில் பார்க்கிறோம். முறைப்படி முதல் உரிமை இருந்தவன் பின்வாங்க, அடுத்த உறவினனான போவாஸ் ஊர் வாசலில் பத்து மூப்பர்கள் முன்னிலையில் ரூத்தின் மறைந்த மாமனார் எலிமெலேக்கின் நிலத்தை மீட்டுக்கொள்கிறான். மோவாபியப் பெண்ணான ரூத்தையும் மனைவியாக ஏற்கிறான்.

மீட்பவனுக்கு அந்தச் சட்டப்படி சில தகுதிகள் வேண்டும். அவன் உறவாக இருக்க வேண்டும். அவனிடம் வசதி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உயிரோடு இருக்க வேண்டும். செத்துப்போன சித்தப்பா நிலத்தை மீட்டுத்தர மாட்டார். உறவென்று ஒருவரும் மிஞ்சாத யோபு, தனக்கும் அப்படி ஒரு மீட்பர் இருக்கிறார், அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று அடித்துச் சொல்கிறார்.

யோபு சொன்னது கடவுளைத்தான் என்று வாசிப்பவர்கள் உண்டு. கிறிஸ்தவ மரபோ தொடக்க நூற்றாண்டுகளிலிருந்தே இதில் கிறிஸ்துவைக் கண்டது. ‘மெசியா’வுக்கு வேத வசனங்களைத் தொகுத்துத் தந்த சார்லஸ் ஜென்னன்ஸ் அந்த மரபின் பிள்ளை. செல்வந்தர், ஆனால் அன்றைய அரச வம்சத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மனசாட்சி இடந்தராததால் பதவி எதுவும் கிட்டாதவர். மத நம்பிக்கையில் சந்தேகம் புகுந்து அலைக்கழிந்த அவருடைய தம்பி 1728-இல் தற்கொலை செய்துகொண்டார். உலகத்தைப் படைத்த கடவுள் அதன்பின் ஒதுங்கிவிட்டார் என்ற கருத்து இங்கிலாந்தின் படித்த வட்டாரங்களில் அப்போது பரவியிருந்தது. ஜென்னன்ஸின் தொகுப்பை அதற்கான பதிலாகவே பல ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள்.

யோபுவின் இரண்டு வசனங்களோடு அவர் பவுலின் ஒரு வசனத்தைக் கோத்தார். கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்தார், நித்திரையடைந்தோரில் முதற்பலனானார் என்று பொருள்படும் 1 கொரிந்தியர் 15:20 அது. யோபு எதிர்பார்த்ததற்குப் பவுல் சாட்சி சொல்வதுபோல் பாட்டு அமைந்துவிட்டது. ஹேண்டல் 1741 ஆகஸ்ட் 22-இல் தொடங்கி 24 நாளில் முழுப் படைப்பையும் எழுதி முடித்தார்.

கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுத்தூண் இங்கேதான் இருக்கிறது. கடவுள் ஏன் மனிதனாகப் பிறக்க வேண்டும்? மீட்பவன் உறவாக இருக்க வேண்டுமே. பிள்ளைகள் மாம்சமும் இரத்தமும் உடையவர்களானதால் அவரும் அப்படியே ஆனார் என்று எபிரெயர் நிருபம் விளக்குகிறது. சிலுவை ஏன்? விலை கொடுக்க வேண்டுமே. சரி, விலைதான் கொடுத்தாயிற்றே, உயிர்த்தெழுதல் எதற்கு? கல்லறையில் கிடப்பவரை நன்றியோடு நினைத்துக்கொள்ளலாம். நெருக்கடியில் கூப்பிட முடியாது. கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று பவுல் ஒளிவுமறைவில்லாமல் சொன்னது இதனால்தான். இயேசுவை நல்ல போதகர் என்று போற்ற உயிர்த்தெழுதல் தேவையில்லை. மீட்பர் என்று நம்பத்தான் அது தேவை.

அதனால்தான் இந்தப் பாட்டு இன்றும் கிறிஸ்தவர்களின் அடக்க ஆராதனைகளில் ஒலிக்கிறது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஹேண்டலின் கல்லறைக்கு மேலே நிற்கும் சிலையின் அருகிலும் இதே பாட்டின் ஏடுதான் விரிந்திருக்கிறது. ஆனால் இதைச் சாவுக்கு மட்டுமான பாட்டாக ஒதுக்கிவிட்டால் பாதியை இழந்துவிடுவோம். யோபு சாகும் தறுவாயில் பெற்ற ஆறுதலாக இதைச் சொல்லவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, எதிரே மூன்று நண்பர்கள் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கும்போதே சொன்னார். டப்ளினில் வெளியே வந்த 142 பேருக்கும் மீட்பு இந்த வாழ்க்கையில், பணமாக, யாரோ கட்டித்தீர்த்த கணக்காக வந்தது. தனக்காக விலை கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்று பாடுகிறவன், அடுத்தவனின் பூட்டைத் திறக்கத் தன் பையிலும் கைவிட வேண்டியிருக்கிறது.

(அடுத்த வாரம்: அல்லேலூயா கோரஸுக்கு அரங்கமே எழுந்து நிற்கிறதே, அந்தப் பழக்கத்தை உண்மையில் ஓர் அரசர்தான் தொடங்கிவைத்தாரா?)