உள்ளிருந்து எழும் வெப்பம்

நுண்ணலை அடுப்பிலே உலோகத்தை வைக்காதீர், பொறி பறக்கும் என்கின்றனர். கரண்டிக்கு அது சரி. அதன் மேனி அலையைத் திருப்பி அனுப்பிவிடும். கரண்டிக்குச் சொன்னதை உலோகம் அனைத்துக்கும் சட்டமாக்கலாமா என்பதே நாம் கேட்பது.

ராஞ்சியிலே பிறந்த ரஸ்டம் ராயும் தினேஷ் அகர்வாலும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலே சோதித்துப் பார்த்தனர். உலோகத் தூளை அச்சிலே அழுத்தினர், நுண்ணலையிலே வைத்தனர். திருப்பி அனுப்பவில்லை தூள், விழுங்கிற்று! ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறி, துகளோடு துகள் ஒட்டித் திண்மையாயிற்று. 1999-இல் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது.

உலையிலே சூடு வெளியிலிருந்து மெல்ல மெல்ல உள்ளே நகரவேண்டும். உலைச் சுவரும் தன் பங்கைக் கேட்கும். இங்கோ பொருளே தனக்குள் சூட்டைப் பிறப்பிக்கிறது. நேரமும் மிச்சம், ஆற்றலும் மிச்சம்.

குறை இல்லையா? உண்டு, தோழர்களே! பீங்கான் வகை சிலவற்றில், சூடேறிய இடமே மேலும் மேலும் அலையை உண்ணும். பக்கத்து இடம் பட்டினி கிடக்கும். முடிவில் பொருளே பிளக்கும். (எங்கோ பார்த்ததுபோல் இருக்கிறதா? நாம் பீங்கானைத்தான் சொல்கிறோம்!) அதனால்தான் அலையை எளிதில் ஏற்கும் சிலிக்கான் கார்பைடைச் சுற்றிலும் வைத்து, பட்டினி கிடக்கும் பக்கத்துக்கும் சூட்டைப் பங்கிட்டுத் தருகிறார்கள்.