‘இட்’டை எங்கே வைப்பது?

வொர்க்‌ஷாப்பில் ஒருநாள் “ஸ்விட்ச் ஆஃப் இட்!” என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற நண்பன் லேத்தை நிறுத்திவிட்டான், காரியம் ஆயிற்று. அதையே ஒரு இன்டர்வியூவில் சொன்னேன். எதிரே இருந்தவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என்ன தப்புன்னு அன்றைக்குப் புரியலே.

“ஸ்விட்ச் ஆஃப் த மோட்டார்”, “ஸ்விட்ச் த மோட்டார் ஆஃப்” இரண்டுமே சரி. ஆனால் மோட்டாருக்குப் பதில் ‘இட்’ வந்தால் ஒரே வழிதான்: “ஸ்விட்ச் இட் ஆஃப்”. “டேக் தெம் அவுட்”, “புட் இட் டவுன்” எல்லாம் இதே ரகம்.

ஏன்? ஆங்கிலத்தில் சாதாரணமாக வாக்கியத்தின் கடைசிப் பக்கம்தான் அழுத்தம் விழும். ‘இட்’ என்பது கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த பொருள். அதை அழுத்த வேண்டியதில்லை. ‘ஆஃப்’தான் சேதி. அது கடைசிக்குப் போய்விடுகிறது.

அப்படின்னா “லுக் அட் இட்” மட்டும் ஏன் “லுக் இட் அட்” ஆவதில்லை? நல்ல கேள்வி. அங்கே ‘அட்’ வினைச்சொல்லோடு போகவில்லை, பின்னால் வரும் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சந்தேகம் வந்தால் பெயரை நடுவில் போட்டுப் பாருங்கள். “லுக் த மீட்டர் அட்” என்று யாராவது சொல்வார்களா? பெயர் நுழையாத இடத்தில் ‘இட்’டும் நுழையாது.

ரொம்பக் குழப்புவது ‘அப்’தான். ஒரே சொல், இரண்டு வேலை. ஸ்பானரை எடுக்கச் சொன்னால் “பிக் இட் அப்”; ஏணியைக் காட்டி ஏறச் சொன்னால் “கோ அப் இட்”.