தீ மூட்டினால் ஜில்!

கீழே மண்ணெண்ணெய் விளக்கு எரியும், மேலே ஐஸ் உறையும். நம்ப முடியலையா? நம்புங்க பாஸ்! கரண்ட் எட்டிப் பார்க்காத காலத்துல வசதியான வீடுகளில் ஃப்ரிட்ஜ் ஓடினது இப்படித்தான்.

கண்டுபிடிச்சது யார் தெரியுமா? நம்ம ஜாதி! 1922-ல் ஸ்வீடனில் இன்ஜினீயரிங் படிச்சுக்கிட்டிருந்த பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ்னு ரெண்டு மாணவர்கள். 1925-ல் எலக்ட்ரோலக்ஸ் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. (நாம ப்ராஜெக்ட்டை எங்கே வாங்குறோம்னு சொல்ல வேண்டாம்!)

விஷயம் சிம்பிள். அம்மோனியா கலந்த தண்ணியை விளக்கு சூடாக்கும். அம்மோனியா ஆவியாகி மேலே போய், குளிர்ந்து திரவமாகும். அப்புறம் ஹைட்ரஜன் நிறைஞ்ச குழாய்க்குள்ள இறங்கி மறுபடி ஆவியாகும்போது, பெட்டிக்குள்ள இருக்கிற சூட்டை உறிஞ்சிக்கும். கடைசியில் தண்ணி அதைக் கரைச்சு, பழைய இடத்துக்கே கூட்டிட்டு வந்துடும். மோட்டார் கிடையாது, கம்ப்ரஸர் கிடையாது, சத்தமும் கிடையாது. திரி மட்டும் சுத்தமா இருக்கணும், பெட்டி சாயாம நிற்கணும்.

செட்டிநாட்டு வீடுகளில் அடுப்படி பின்கட்டில் இருக்கும். அங்கே ஓர் ஆச்சரியம்... வீடு ஒண்ணு, அடுப்பு பல! கல்யாணமான மகனை ‘வேறு வைப்பது’ நகரத்தார் வழக்கம். ஒரே கூரை, ஆனா தனிச் சமையல், தனிக் கணக்கு. பெண்ணுக்குச் சீராக வந்த பாத்திரங்களே அறை அறையா அடுக்கியிருக்கும். பர்மா தேக்கு வந்த வழியில் ஸ்வீடன் எனாமல் தூக்குச்சட்டியும் வந்து சேர்ந்தது.

1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடிச்சதும் அந்த வரவு படுத்துடுச்சு. பிறகு பாகம் பிரிந்து, பராமரிக்க முடியாமல் பல வீடுகள் இடிஞ்சன. உள்ளே இருந்ததெல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு கடைகளுக்கு வந்தது. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அதுக்குள்ள எவ்வளவோ போயிடுச்சு.

அந்தத் தெருப் பக்கம் போனா, பழைய ஃப்ரிட்ஜ் கண்ணில் பட்டதும் பின்னாடி எட்டிப் பாருங்க. கம்ப்ரஸர் இல்லாம, அடியில் விளக்கு வைக்க இடம் இருந்தா, அதுதான் இது! ஆனா குழாயை அறுத்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். உள்ளே அம்மோனியாவும் ஹைட்ரஜனும் அழுத்தத்தோட இன்னும் இருக்கலாம்.

பக்கத்தில் கிடக்கிற பித்தளைப் பாத்திரத்தையும் திருப்பிப் பாருங்க. ரெண்டு மூணு எழுத்து வெட்டியிருக்கும். அது கம்பெனி பேர் இல்லை, அந்தக் குடும்பத்தோட ‘விலாசம்’.