ரெட் டெட் ரிடெம்ப்சன் 2: துப்பாக்கிச் சண்டை முறைகளும் ஆயுதத் தேர்வும்

ரெட் டெட் ரிடெம்ப்சன் 2 என்பது ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனம் 2018 அக்டோபர் 26 அன்று பிளேஸ்டேசன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய கருவிகளுக்காக வெளியிட்ட திறந்த உலக அதிரடி நிகழ்பட ஆட்டமாகும். கணினிப் பதிப்பு 2019 நவம்பரில் வந்தது. 1899-ஆம் ஆண்டு அமெரிக்காவை அடியொற்றி அமைக்கப்பட்ட கற்பனை மாநிலங்களில் கதை நடக்கிறது. டச்சு வான் டெர் லிண்டே தலைமையிலான கொள்ளைக் கூட்டத்தைச் சேர்ந்த ஆர்தர் மார்கன் என்பவரையே ஆட்டக்காரர் பெரும்பாலும் இயக்குகிறார்.

இக்காலப் போர்களைக் காட்டும் ஆட்டங்களில் பழகியவர்கள் இதன் முதல் சில சண்டைகளில் தடுமாறுவது வழக்கம். விசையை அழுத்திப் பிடித்தால் தோட்டாக்களைக் கொட்டித் தீர்க்கும் தானியங்கித் துப்பாக்கி எதுவும் ஆர்தரின் கைக்குக் கிடைப்பதில்லை. இங்கு ஒவ்வொரு தோட்டாவுக்கும் நேரம் செலவாகிறது. ஆகவே சண்டையின் முடிவு விரல் வேகத்தைவிட, சண்டைக்கு முன் எதை எடுத்துக்கொண்டோம், எங்கே நின்றோம் என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது.

துப்பாக்கிகளின் இயல்பு

ஆட்டத்தின் துப்பாக்கிகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் உண்மையான ஆயுதங்களை ஒத்தவை. சிலவற்றின் பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டுள்ளன. ஆர்தர் தொடக்கத்தில் வைத்திருக்கும் கேட்டில்மேன் ரிவால்வர், 1873-இல் அறிமுகமான கோல்ட் சிங்கிள் ஆக்சன் ஆர்மியின் சாயல் கொண்டது. லிட்ச்ஃபீல்டு ரிப்பீட்டர் 1860-ஆம் ஆண்டின் ஹென்றி துப்பாக்கியை நினைவூட்டுகிறது. ஒரு சிறு பிசகும் உண்டு: தானாக மறு தோட்டா ஏற்றும் ஷாட்கன், பிரௌனிங் ஆட்டோ-5 என்ற துப்பாக்கியை ஒத்தது. அதன் உற்பத்தி 1902-இல்தான் தொடங்கியது. 1899-இல் நடக்கும் கதையில் அது கடைக்கு வந்துவிடுகிறது. ஆட்டக்காரர்கள் யாரும் இதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

இத்துப்பாக்கிகளின் முக்கியப் பண்பு, பலவற்றில் ஒரு முறை சுட்டபின் சுத்தியலையோ நெம்புகோலையோ மீண்டும் இயக்க வேண்டும் என்பதே. குறிபார்த்தபடி இருக்கும்போது சுடுவதற்கு ஓர் அழுத்தம், அடுத்த தோட்டாவைத் தயார்செய்ய இன்னோர் அழுத்தம் என்று ஆட்டம் இதை ஆட்டக்காரரின் விரலுக்கே விட்டுவிடுகிறது. சுட்டவுடன் அந்த இரண்டாவது அழுத்தத்தைத் தராமல் மறைவிலிருந்து மீண்டும் எழுந்தால், முதல் அழுத்தத்துக்குத் தோட்டா வராது. எதிரிக்கு அந்த ஒரு நொடி போதும். சுட்ட கையோடு அடுத்ததைத் தயார்செய்துவிடும் பழக்கமே இந்த ஆட்டத்தில் முதலில் கற்க வேண்டிய பாடம்.

கைத்துப்பாக்கிகளில் கேட்டில்மேன் நடுத்தரமானது. ஸ்கோஃபீல்டு ரிவால்வரின் அடி அதைவிட வலுவானது. டபுள் ஆக்சன் ரிவால்வர் வேகமாகச் சுடும், ஆனால் ஒவ்வொரு குண்டின் சேதமும் குறைவு. 8 தோட்டா கொள்ளும் வல்கானிக் இதற்கு நேர்மாறு: மெதுவானது, பலமாக அடிப்பது. 10 தோட்டா கொள்ளும் மவுசர், நெருக்கமான சண்டையில் விரைவாகக் காலியாகிவிடும் என்றாலும், காலியாகும் முன் எதிரில் நிற்பவர்களைத் தீர்த்துவிடும்.

நீண்ட துப்பாக்கிகளில் ரிப்பீட்டர்கள் இடைத்தொலைவுக்கு ஏற்றவை. கார்பைன் ரிப்பீட்டர் 7 தோட்டாக்களும், லான்காஸ்டர் 14 தோட்டாக்களும், லிட்ச்ஃபீல்டு 16 தோட்டாக்களும் கொள்ளும். எண்ணிக்கையில் அதிகம் என்பதால் பல எதிரிகள் ஓடிவரும் பணிகளில் இவையே கைகொடுக்கின்றன. போல்ட் ஆக்சன் ரைபிளில் 5 தோட்டாக்கள்தான். ஆனால் மார்பில் பட்டாலே பெரும்பாலும் ஆள் விழுவார். ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள், ரோலிங் பிளாக் ரைபிள் இரண்டும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தோட்டா ஏற்றுபவை. மலைச்சரிவிலிருந்து ஒரு முகாமைக் கவனிக்கும்போது அவை பொருந்தும். வீட்டுக்குள் நுழையும்போது அவற்றைக் கையில் வைத்திருப்பது ஆபத்து; அங்கே ஷாட்கன்தான் பேசும்.

சேணமும் தோளும்

ஆர்தர் தன்னோடு இரண்டு நீண்ட ஆயுதங்களை மட்டுமே சுமக்க முடியும். கைத்துப்பாக்கி தொடக்கத்தில் ஒன்று; கூடுதல் உறை வாங்கினால் இரண்டு. மற்றவை எல்லாம் குதிரையின் சேணத்தில் இருக்கும். குதிரையில் ஏறியதும் நீண்ட துப்பாக்கிகள் சேணத்துக்குப் போய்விடுவதும், இறங்கும்போது அவற்றை மறுபடி தேர்ந்தெடுக்க மறந்துவிடுவதும் ஆட்டக்காரர்கள் அடிக்கடி சொல்லும் குறை. சண்டை தொடங்கியபின் தோளைத் தடவிப் பார்த்தால் வெறும் ரிவால்வர்தான் மிஞ்சும். குதிரையோ சத்தத்துக்கு மிரண்டு எங்கோ ஓடியிருக்கும்.

இது வடிவமைப்பின் குறையா, வேண்டுமென்றே வைத்த கட்டுப்பாடா என்று வாதிடலாம். இறங்கும்போது தானாக ஆயுதம் மாறுவது எரிச்சலூட்டுவதே. ஆனால் இரண்டே நீண்ட ஆயுதங்கள் என்ற வரம்பு பயனுள்ளது. அது இல்லையென்றால் ஆயுதத் தேர்வு என்ற கேள்வியே எழாது. எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு போய்விடலாம். அனுபவமுள்ளவர்கள் பொதுவாக ஒரு ரிப்பீட்டரையும், இடத்துக்கேற்ப ஒரு ஷாட்கன் அல்லது ரைபிளையும் எடுத்துக்கொள்கிறார்கள். குதிரையிலிருந்து இறங்கும் முன் ஆயுதச் சக்கரத்தைத் திறந்து சரிபார்ப்பது இதில் பாதி வேலை. தனியாள் ஆட்டத்தில் அச்சக்கரம் திறந்திருக்கும்போது காலம் மெதுவாகும் என்பதால், சண்டை நடுவிலும் யோசிக்கச் சற்று இடம் கிடைக்கும்.

டெட் ஐ

ரெட் டெட் வரிசையின் முதல் ஆட்டமான ரெட் டெட் ரிவால்வர் (2004) காலத்திலிருந்தே தொடரும் வசதி இது. டெட் ஐ செயல்படும்போது காலம் மெதுவாகிறது. எதிரிகளின் உடலில் குறிகளை இட்டுவிட்டு ஒரே மூச்சில் சுடலாம். கதை நகர நகர இதன் ஆற்றல் வளர்கிறது. ஆரம்பத்தில் குறிகள் தானாகவே விழுகின்றன. பின்னர் ஆட்டக்காரரே குறியிடலாம். அதற்கும் பின், குறியிடாமல் மெதுவான காலத்திலேயே விரும்பியபடி சுடலாம்.

புதியவர்கள் இதைச் சண்டையின் தொடக்கத்திலேயே செலவழித்துவிடுகிறார்கள். உடல்நலம், வலு, டெட் ஐ மூன்றுக்கும் வெளி வளையம் ஒன்றும் உள் மையம் ஒன்றும் உண்டு. மையம் குன்றியிருந்தால் வளையம் மெதுவாகவே நிரம்பும். அதனால் டெட் ஐயைத் தாக்குதலுக்கான கருவியாகக் கருதாமல், தவறிலிருந்து மீளும் வழியாக வைத்துக்கொள்வது நல்லது. இரு பக்கமும் ஆட்கள் சூழும்போது, மறைவிலிருந்து மறைவுக்கு ஓடும்போது, துப்பாக்கியில் ஒன்றிரண்டு தோட்டாக்களே மிச்சம் இருக்கும்போது அது உயிரைக் காக்கும். மெல்லும் புகையிலை போன்ற பொருட்கள் மையத்தை மீட்கும். சிகரெட்டும் மீட்கும், கூடவே உடல்நலத்தைச் சற்றுக் குறைக்கும்.

நேருக்கு நேர் நின்று போடும் சண்டையில் இதே அளவை வேறு விதமாகச் செயல்படுகிறது. விசையை மெல்ல மெல்ல அழுத்தினால் டெட் ஐ நிரம்பும். முழுவதும் அழுத்தும்போது ஆர்தர் துப்பாக்கியை உருவுகிறார். அவசரப்பட்டவருக்குக் குறிபார்க்க நேரம் குறையும். மிகவும் தாமதித்தால் எதிராளி முந்திக்கொள்வார். கொல்ல விருப்பமில்லாதவர் எதிராளியின் கையிலுள்ள துப்பாக்கியையே சுட்டுத் தட்டிவிடலாம்.

நிற்கும் இடம்

கதையின் 2-ஆம் அத்தியாயத்தில் ஸ்ட்ராபெர்ரி என்ற ஊரின் சிறையிலிருந்து மைக்கா பெல்லை மீட்கும் பணி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மீட்கப்பட்டவர் தப்பியோடாமல், தன் துப்பாக்கிகளை மீட்க ஊர் நடுவே சுட்டுக்கொண்டு போகிறார். திறந்த தெருவில் பல திசைகளிலிருந்தும் குண்டு வரும். மைக்காவுக்கு இணையாக ஓடினால் ஆர்தர் விழுவது உறுதி. ஒரு மறைவைப் பிடித்து, உயரத்திலிருந்து சுடுபவரை முதலில் வீழ்த்தி, பிறகே அடுத்த மறைவுக்குப் போக வேண்டும். கூட்டாளியின் வேகத்துக்கு ஆட்டக்காரர் கட்டுப்பட்டவர் அல்லர் என்பது பலருக்கு இங்கேதான் புரிகிறது.

கைப்பிடிக் கட்டுப்பாட்டில் ஆடுவோருக்கு, குறிபார்த்தவுடன் குறிப்புள்ளி அருகிலுள்ள எதிரியின் உடல்மீது தானாக ஒட்டிக்கொள்ளும். உடனே சற்று மேலே தள்ளினால் தலை கிடைக்கும். இந்த உதவியை அமைப்புகளில் குறைக்கவோ முற்றிலும் நீக்கவோ முடியும்.

தோட்டாவும் எண்ணெயும்

சாதாரணத் தோட்டாக்களைத் தவிர அதிவேகத் தோட்டா, எக்ஸ்பிரஸ் தோட்டா, முனை பிளந்த தோட்டா, வெடிக்கும் தோட்டா ஆகியவையும் உண்டு. முனை பிளந்தவற்றைச் சாதாரணத் தோட்டாவிலிருந்து ஆட்டக்காரரே செய்துகொள்ளலாம். காசு செலவில்லை, பொறுமைதான் வேண்டும்.

துப்பாக்கி பயன்பாட்டால் அழுக்கேறும். சேற்றிலும் நீரிலும் விழுந்தால் இன்னும் வேகமாக. அழுக்கேறிய துப்பாக்கியின் திறன் குறையும். துப்பாக்கி எண்ணெய்ப் புட்டி ஒன்று பையில் இருந்தால் எங்கும் துடைத்துக்கொள்ளலாம். இதைப் பலர் மாதக்கணக்கில் மறந்துவிட்டு, புதிய துப்பாக்கி வாங்கினால்தான் சரியாகும் என்று நினைப்பதுண்டு.

வேட்டையும் சட்டமும்

ஆயுதத் தேர்வின் விளைவு மிகத் துல்லியமாகத் தெரிவது வேட்டையில். மூன்று விண்மீன் தரமுள்ள விலங்கையும் தவறான ஆயுதத்தால் கொன்றால் தோல் கெட்டுவிடும். அணிலுக்குச் சிற்றுயிர் அம்பு, முயலுக்கு வர்மின்ட் ரைபிள், கரடிக்கு வலுவான ரைபிள் என்று ஒவ்வொன்றுக்கும் ஏற்றது உண்டு. முயலை ஷாட்கன்னால் சுட்டவருக்கு விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

மனிதரைச் சுடுவதற்கும் விலை உண்டு. சாட்சி ஒருவர் தப்பிச் சென்று புகார் சொன்னால் காவலர்கள் வருவார்கள். தலைக்கு விலை ஏறும். அது மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாகக் கணக்கிடப்படும். காவலரைக் கொன்றால் அவரிடத்தில் மேலும் பலர் வருவார்கள், ஆர்தரின் நன்மதிப்பும் இறங்கும். ஆகவே நகருக்குள் துப்பாக்கியை எடுக்காமல் பேசிச் சமாளிப்பது, அல்லது சரணடைந்து சிறைக்குப் போவது, பல நேரங்களில் மலிவான வழி. சாதாரணமாக ஏறிய தொகையை அஞ்சலகத்தில் கட்டி முடித்துவிடலாம். பிளாக்வாட்டர் பகுதியில் ஆர்தர்மீது உள்ள விலையை மட்டும் எந்தப் பணத்தாலும் தீர்க்க முடியாது. அங்கே கால் வைத்தாலே வேட்டைக்காரர்கள் தேடி வருவார்கள்.