முரசு கொட்டும் மின்சுற்றுகள்

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ஆம் ஆண்டு 'டிஆர்-808' என்னும் தாள இயந்திரத்தை வெளியிட்டது. அதன் ஒலி உண்மையான மேளத்தைப் போல இல்லை என்று பலர் ஒதுக்கினர். ஏறத்தாழ 12,000 இயந்திரங்களோடு 1983-இல் உற்பத்தி நின்றது. ஆனால், ஒதுக்கப்பட்ட அந்த ஒலியே பின்னர் ஹிப்-ஹாப் இசையின் நாடித்துடிப்பாயிற்று. மும்பை இசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982-இல் அதன் துணையோடு ராகங்களை நடன இசையாக்கினார்.

இன்று பழைய இயந்திரம் ஒன்றின் விலை சில லட்சம் ரூபாய். எனினும், அதன் ஒலிகளை வீட்டு மேசையிலேயே உருவாக்கும் ஆர்வலர்கள் உலகெங்கும் உள்ளனர். காரணம், பழுதுநீக்குவோருக்காக அந்நிறுவனம் அச்சிட்ட கையேட்டில் முழு மின்சுற்று வரைபடமும் இருந்தது என்பதே.

அந்தச் சுற்றுகள் வியக்கத்தக்க அளவு எளியவை. பெருமுரசின் ஒலிக்கு, இரு மின்தடையங்களும் இரு மின்தேக்கிகளும் ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் இணைந்து, ஒரு பெருக்கிச் சில்லின் பின்னூட்டப் பாதையில் அமர்கின்றன. அதன்மீது ஒரு மில்லி விநாடி மின்துடிப்பு விழுந்ததும், அடித்த கோயில் மணியைப்போல் விநாடிக்குச் சுமார் 50 முறை அதிர்ந்து மெல்ல அடங்குகிறது. மின்தடையத்தின் அளவை மாற்றினால் சுருதி மாறுவதை அக்கணமே கேட்கலாம்.

தாளத்தட்டின் ஒலி வேறு வகை. ஒன்றோடொன்று இசையாத ஆறு சதுர அலைகளைக் கலந்து, தாழ்ந்த அதிர்வெண்களை வடிகட்டினால் உலோகத்தின் சலசலப்பு பிறக்கிறது. எங்கும் மலிவாகக் கிடைக்கும் '40106' சில்லு ஒன்றே அந்த ஆறு அலைகளையும் தந்துவிடும். கைதட்டலோ, வடிகட்டிய இரைச்சலை மிக விரைவாகச் சிலமுறை திறந்து மூடுவதால் விளைவது.

ஒவ்வோர் ஒலிக்கும் தனிப் பலகை அமைத்து, கம்பிகளால் இணைப்பதே வீட்டு ஆர்வலர்களின் முறை. ஒன்று பழுதானாலும் மற்றவை ஒலிக்கும். தவறு எங்கே என்பதும் எளிதில் புலப்படும். 9 வோல்ட் பேட்டரிகள் இரண்டு போதும் என்பதால் மாணவர்களும் அச்சமின்றிச் செய்து பார்க்கலாம். அதிர்வு, ஒத்ததிர்வு, வடிகட்டி எனப் பாடநூலில் சமன்பாடுகளாக நிற்பவை காதுக்கு எட்டும் உண்மைகளாகும்.

இன்றைய கருவிகள் நமக்கு இந்த வாய்ப்பைத் தருகின்றனவா? பெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது, வரைபடம் மறைக்கப்பட்டிருக்கிறது, பழுதானால் குப்பைதான். நம் மத்திய அரசு 2022-இல் பழுதுநீக்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது நல்ல தொடக்கம். ஆனால், வரைபடம் தருவது சட்டக் கடமையாகவேண்டும்.

வரைபடம் வெளியானால் வணிகம் கெடும் என்பது நிறுவனங்களின் வாதம். ரோலண்ட் நலிந்துவிடவில்லை, 2017-இல் அதே இயந்திரத்தின் சிறிய மறுவடிவை அந்நிறுவனமே விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பழுதுநீக்குவோருக்காக அச்சிட்ட சில பக்கங்கள், அந்த இயந்திரத்தை ஒரு தலைமுறைக்கே பாடமாக்கின. திறக்க முடியாத பெட்டிகளிலிருந்து நம் பிள்ளைகள் எதைக் கற்பார்கள்?