கர்ப்ப காலத்து முதுகுவலியும் கைரோபிராக்டிக் சிகிச்சையும்



"அமெரிக்காவிலிருக்கும் என் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. முதுகுவலிக்காகக் கைரோபிராக்டர் என்பவரிடம் போய்வருகிறாளாம். முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்கிறார்களாம். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா?" என்று கவலையோடு கேட்கும் தாய்மார் இன்று நம் குடும்பங்களில் உண்டு. அவர்களுக்கு உதவியாக இருக்கும்படி இந்த இதழில் அச்சிகிச்சையைப் பற்றிச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

வலி ஏன் வருகிறது?

கர்ப்பிணியின் முதுகுவலியை "இது எல்லாருக்கும் வருவதுதானே" என்று சொல்லித் தள்ளிவிடுவது நம்மிடையே வழக்கம். எல்லாருக்கும் வருவது என்பது ஓரளவு மெய்யே. காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பின்படி, கர்ப்பிணிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் கீழ்முதுகு வலியால் அவதிப்படுகிறார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இடுப்பெலும்புப் பகுதியில் வலி உண்டாகிறது. ஆனால் பலருக்கும் வருகிறது என்பதால் வலி குறைந்துவிடுவதில்லை. தூக்கமில்லாத இரவுகளும், நடக்க முடியாத நாட்களும் ஒரு தாயை மிகவும் சோர்வடையச் செய்கின்றன.

கர்ப்ப காலத்தில் சுரக்கும் ரிலாக்ஸின் போன்ற ஹார்மோன்கள், எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. வயிறு முன்னால் வளரவளர, உடலின் பாரமும் முன்னால் சாய்கிறது. விழாமல் நிற்பதற்காக அந்தத் தாய் தன்னையறியாமலே முதுகைப் பின்னுக்கு வளைத்து நிற்கிறாள். இவ்வாறு தளர்ந்த மூட்டுகளின்மேல் கூடுதல் சுமை ஏறுவதால் வலி உண்டாகிறது.

கைரோபிராக்டிக் என்பது என்ன?

இதன் பெயர் "கையால் செய்வது" என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் என்பவர் இதைத் தொடங்கினார். முதுகெலும்புகள் இடம்பிசகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையை இன்றைய மருத்துவ அறிவியல் ஏற்றுக்கொள்வதில்லை. எனினும் முதுகுவலிக்குக் கையால் செய்யும் சிகிச்சை என்ற அளவில் இம்முறை நிலைத்துவிட்டது. 1913-இல் கான்சாஸ் மாநிலம் இதற்கு முதலாவது உரிமச் சட்டம் இயற்றியது. 1974-இல் கடைசியாக லூசியானா மாநிலமும் ஏற்றுக்கொண்டது. இன்று அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் உரிமம் பெற்ற கைரோபிராக்டர்கள் இருக்கிறார்கள். "டாக்டர்" என்று அழைக்கப்பட்டாலும் இவர்கள் எம்.பி.பி.எஸ். போன்ற படிப்புப் படித்த மருத்துவர்கள் அல்லர். பிரசவம் பார்ப்பவர்களும் அல்லர்.

கர்ப்பிணி வந்தால், இவர்கள் வழக்கமான முறையைச் சற்று மாற்றிக்கொள்கிறார்கள். வயிறு அழுந்தாதபடி நடுவில் தாழும் கட்டிலையோ, விசேஷத் தலையணைகளையோ வைத்து, பலமாக அழுத்தாமல் மிருதுவாகச் செய்கிறார்கள். எக்ஸ்ரே எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். மாதங்கள் ஏறியபின் தாயை நெடுநேரம் மல்லாந்து படுக்க வைக்கவும் கூடாது. கர்ப்பப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தி மயக்கம் வரச்செய்யும். முதுகை அழுத்தும்போது "டக்" என்று கேட்கும் ஓசைக்குப் பலர் பயப்படுகிறார்கள். அது எலும்பு இடம்மாறும் ஓசையல்ல. மூட்டுக்குள்ளிருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகும் ஓசை.

இதனால் பலன் உண்டா? சில தாய்மாருக்கு வலி குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை. மேலே சொன்ன 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பு, 5,121 பெண்களை உட்படுத்திய 34 ஆய்வுகளைப் பரிசீலித்தது. முறையான உடற்பயிற்சி கீழ்முதுகு வலியைக் குறைக்க உதவக்கூடும் என்று அது கண்டது. கழுத்தை வேகமாகத் திருப்பும் முறையினால், அபூர்வமாகவே என்றாலும், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. ஆகவே கர்ப்பிணி கழுத்துச் சிகிச்சையைத் தவிர்ப்பதே நல்லது. மகப்பேறு மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட்டுச் செல்வதும் அவசியம்.

பிள்ளையைத் திருப்ப முடியுமா?

நாம் மிகவும் கவனிக்க வேண்டியது இதுவே. சில குழந்தைகள் கர்ப்பப்பையில் தலை மேலாகவும் பிட்டம் கீழாகவும் இருக்கும். லாரி வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கைரோபிராக்டர் வகுத்த ஒரு முறையினால் அப்படிப்பட்ட குழந்தை தலைகீழாகத் திரும்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 2002-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் கைரோபிராக்டர்களே பெருமளவு வெற்றி கிடைத்ததாகத் தெரிவித்தார்கள். ஆனால் சிகிச்சை பெறாத தாய்மாரோடு அதில் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

ஒப்பிடுவது ஏன் அவசியம்? 28-ஆம் வாரத்தில் ஏறக்குறைய நான்கைந்து குழந்தைகளில் ஒன்று தலை மேலாகத்தான் இருக்கும். மாதம் நிறையும்போதோ 100-க்கு மூன்று நான்கு குழந்தைகளே அப்படி இருக்கும். அதாவது யாரும் எதுவும் செய்யாமலே பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே திரும்பிவிடுகின்றன. இடையில் யார் முதுகை அழுத்தியிருந்தாலும் பெயர் அவருக்குப் போய்ச் சேரும். வெப்ஸ்டர் தொடங்கிய சங்கமே இன்று இதை இடுப்பு மூட்டுக்கான முறை என்றே விளக்குகிறது.

மெய்யாகவே குழந்தையைத் திருப்புவதற்கு மருத்துவமனையில் ஒரு வழி உண்டு. 36 அல்லது 37 வாரங்களுக்குப் பின், மருத்துவர் வயிற்றின்மேல் கைவைத்துக் குழந்தையை மெல்லத் திருப்புவார். இது ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலிக்கிறது. ஆனால் முதலில் ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். குழந்தையின் இருதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். அவசரமானால் அறுவை சிகிச்சை செய்ய ஆயத்தமாக இருப்பார்கள். இந்த ஏற்பாடு எதுவுமின்றி, வீட்டில் எண்ணெய் தடவி வயிற்றைப் பிசைந்து பிள்ளையைத் திருப்பும் பழக்கம் நம் கிராமங்களிலும் உண்டு. அதனால் நஞ்சு பிரிந்து இரத்தப்போக்கு ஏற்பட்டால் தாய்க்கும் சிசுவுக்கும் உயிராபத்து.

குழந்தை திரும்பாவிட்டாலும் மனம் தளர வேண்டியதில்லை. 26 நாடுகளில் 2,088 தாய்மாரிடம் நடத்தி 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இத்தகைய நிலையில் முன்கூட்டியே திட்டமிட்டுச் சிசேரியன் செய்வது குழந்தைக்கு அதிகப் பாதுகாப்பு என்று தெரியவந்தது. குழந்தை எப்படி இருக்கிறது என்பது நேரத்தோடு தெரியவேண்டும். "திருப்பியாயிற்று" என்ற வார்த்தையை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டு, பிரசவ வலி வந்தபின் தெரியவந்தால், தொப்புள்கொடி முன்னே நழுவியோ, தலை சிக்கிக்கொண்டோ சிசுவை இழக்க நேரிடலாம்.

எப்போது மருத்துவமனைக்கு விரைய வேண்டும்?

முதுகுவலியோடு கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் இருந்தால், யாரிடமும் முதுகைக் காட்டிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

- இரத்தப்போக்கு, அல்லது பனிக்குட நீர் வெளியேறுதல்
- 37 வாரத்துக்கு முன் விட்டுவிட்டு ஒழுங்காக வரும் வலி
- காய்ச்சல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல்
- கடும் தலைவலி, கண் மங்குதல், முகமும் கைகளும் வீங்குதல்
- ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்
- கால் மரத்துப்போதல், மலசலத்தை அடக்க முடியாமை
- குழந்தையின் அசைவு குறைதல்

வீட்டில் செய்யக்கூடியவை

ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம். எழும்போது முதலில் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழவேண்டும். ஒரு பெரிய குடத்தைச் சுமப்பதற்குப் பதில் இரண்டு சிறு பாத்திரங்களை இரு கையிலும் எடுக்கலாம். அதையும் வீட்டிலுள்ள ஆண்கள் எடுத்துவந்தால் இன்னும் நல்லது. தரையில் அரிவாள்மனையின்முன் குந்தியிராமல் மேஜையருகே உட்கார்ந்து காய் நறுக்கலாம். பிசியோதெரபிஸ்ட் இருக்கும் மருத்துவமனையில் தகுந்த பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளலாம். கடையில் தாமாக வலிமாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஐபுபுரூபென் போன்ற மாத்திரைகள் 20 வாரத்துக்குப் பின் சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

ஆகவே மகளைப் பற்றிக் கவலைப்படும் தாய்க்கு நமது பதில் இதுதான்: முறையாகப் பயின்றவர், மருத்துவர் அறிய, மென்மையாகச் செய்தால் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை, வலி சற்றுக் குறையலாம். ஆனால் பிள்ளையின் நிலையை அறியவும் திருப்பவும் மருத்துவமனைதான் இடம்.

நண்பர்களே, அடுத்த ஞாயிறு ஆராதனையில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி பாயில் உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து நிற்பதைக் கண்டால், அவளுக்கு முதுகு சாய ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள். ஆராதனை முடிந்ததும் பரிவோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: "பிள்ளையின் தலை கீழே வந்துவிட்டதா என்று மருத்துவமனையில் பார்த்தார்களா, அம்மா?" இல்லை என்றால், மறுநாளே அவளை அழைத்துச் செல்ல ஒருவர் கூடப் போகட்டும்.